மட்டசனம்

நம் தலைமுறையில் ஞானோபதேசம் கற்றவர்களுக்குத் தலையான பாவங்கள் ஏழும், அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழும் மனப்பாடம். ஆங்காரத்துக்குத் தாழ்ச்சி, கோபத்துக்குப் பொறுமை என்று வரிசையாக ஒப்புவித்து வருகையில், போசனப்பிரியத்துக்கு எதிரே நிற்கும் சொல் மட்டசனம். பொருள் விளங்காமலேயே பலமுறை நம் நாவில் புரண்ட சொல் அது. பிரித்துப் பார்த்தால் மட்டு, அசனம் என இரண்டாகும். மட்டு என்பது அளவு. அசனம் என்பது உணவு. தென் மாவட்டங்களில் திருவிழா நாளன்று ஊர் முழுவதும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்துக்கும் அசனம் என்றே பெயர். ஒருவர் தம் வாய்க்கு இடும் வரம்பும், ஊர் கூடி உண்ணும் பந்தியும் ஒரே சொல்லில் சந்திப்பது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் அது நம் முன் ஒரு கேள்வியை வைக்கிறது. அளவோடு உண்பது ஒருவர் தம் உடல்நலத்துக்காகச் செய்துகொள்ளும் தனிக் காரியமா? அல்லது உடன் அமர்ந்து உண்போர் அனைவரையும் பிணைக்கும் கடமையா?

இக்கேள்வி இன்று பல குடும்பங்களின் வாயிலுக்கே வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023ஆம் ஆண்டு வெளியாயின. அதன் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்போர் 13 கோடியே 60 இலட்சம் பேர். நோயுற்றோரைக் காட்டிலும் நோயின் வாயிலில் நிற்போரின் தொகையே பெரிது. பங்கில் எந்தத் தெருவுக்குச் சென்றாலும், பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தமக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தெளியாமல் நிற்கும் ஒருவரையேனும் நாம் காண்கிறோம்.

வாயிலில் நிற்பவர்

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்து, மறு பரிசோதனையிலும் அவ்வாறே காணப்பட்டால் அது நீரிழிவு என்று மருத்துவம் வகுத்துள்ளது. 100 முதல் 125 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தாலும் அதே பெயர்தான். இந்தக் கோடுகள் மனிதர் ஆராய்ந்து வகுத்தவை. 100 என்னும் கீழெல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003இல்தான் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் அது 110 ஆக இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் இன்றும் 110 என்றே கொள்கிறது. ஆகவே 105 என்ற எண்ணோடு வீடு திரும்புபவர் ஒரு கணக்கில் நலமானவர்; மற்றொரு கணக்கில் எச்சரிக்கை பெற்றவர்.

இதைக் கேட்டதும் மனிதர் இருவிதமாக நடந்துகொள்கின்றனர். ஒருவர் அன்றே வாழ்வு முடிந்துவிட்டது போல் அஞ்சி, ஒவ்வொரு கவளத்தையும் ஐயத்தோடு பார்க்கத் தொடங்குகிறார். மற்றவரோ, கோடு போட்டவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே என்று தாளை மடித்து வைத்துவிட்டு முன்போலவே உண்கிறார். இருவரும் எண்ணைத் தீர்ப்பாகக் கருதுவதில்தான் தவறு தொடங்குகிறது. முன்னவர் தீர்ப்புக்கு அஞ்சுகிறார். பின்னவர் தீர்ப்பை மறுக்கிறார். உண்மையில் அந்த எண் சாலையோரத்தில் நடப்பட்ட எச்சரிக்கைப் பலகையைப் போன்றது. பலகையைச் சற்று முன்னே நடலாமா, பின்னே நடலாமா என்று அறிஞர் விவாதிக்கலாம். அதனால் வளைவு இல்லாமற் போய்விடாது. இன்சுலினின் கட்டளைக்கு உடலின் தசைகளும் கல்லீரலும் மெல்ல மெல்லச் செவிசாய்க்க மறுக்கின்றன. கணையம் அதை ஈடுசெய்ய மிகுதியாக உழைத்துக் களைக்கிறது. இது ஒரே இரவில் நிகழ்வதன்று, ஆண்டுக்கணக்கில் நிகழ்வது.

இந்த ஆண்டுகளில் வலி இல்லை. அறநெறி நோக்கில் இதுவே கருதத்தக்கது. காய்ச்சல்காரர் கஞ்சி குடிப்பதற்கு நற்பண்பு ஒன்றும் தேவையில்லை. உடலே அவரைக் கட்டாயப்படுத்துகிறது. வாயிலில் நிற்பவரை எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. பசி நன்றாக இருக்கிறது, நாவில் சுவை குன்றவில்லை, வேலை தடைப்படவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய ஒன்றை முன்னிட்டு, இன்று கண்முன் ஆவி பறக்கும் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைக்க வேண்டும். வரப்போவதை இன்றே கண்டு அதற்கேற்பச் செயற்படும் பண்பை நம் முன்னோர் விவேகம் என்றனர். மட்டசனத்துக்கு வழிகாட்டும் கண் அதுவே.

தட்டில் மாறுவது எது?

அறம் பேசுமுன் உணவுத் தட்டைப் பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் மதிய உணவென்றால் குவித்த சோறு, அதன்மேல் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு நீங்கிவிடுவதால் அது விரைவில் செரித்துச் சர்க்கரையாக இரத்தத்தில் சேர்கிறது. மருத்துவர் கூறும் மாற்றம், அரிசியை நாடு கடத்துவதன்று. தட்டின் பங்கீட்டை மாற்றுவது. பாதித் தட்டுக் காயும் கீரையும், கால் தட்டுப் பருப்போ பயறோ மீனோ முட்டையோ, மீதிக் கால் தட்டுச் சோறு. காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. உண்டபின் சிறிது தொலைவு நடந்தால், உழைக்கும் தசைகள் அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. பழத்தைச் சாறாக்காமல் கடித்து உண்பது, தேநீரில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து விடுவது ஆகியனவும் இதைச் சேர்ந்தவை.

கேட்பதற்கு இது எளிது. ஆனால் மனிதமனம் பொருளை மாற்றிவிட்டு ஆசையை அப்படியே காப்பாற்றிக்கொள்ளும் திறமை உடையது. வெள்ளைச் சர்க்கரையை விட்டேன் என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியை இரு மடங்கு பருகுவோர் உண்டு. கருப்பட்டியும் வெல்லமும் தேனும் இரத்தத்தில் சேர்ந்தபின் சர்க்கரையே. இரவில் சோறு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு ஐந்து தோசை உண்பதும் அத்தகையதே. கேழ்வரகு நல்ல தானியம். எனினும் அதன் மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். சப்பாத்திக்கும் அளவு உண்டு.

திருத்தந்தை புனித கிரகோரியாரைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் போசனப்பிரியத்துக்கு ஐந்து வடிவங்கள் கூறுகிறார். மிகுதியாக உண்பது அவற்றுள் ஒன்றே. காலம் வருமுன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, மிகுந்த பக்குவம் பார்ப்பது, பேராவலோடு விழுங்குவது ஆகியன மற்றவை. இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். நோயைத் தடுக்கும் என்ற பெயரில் விலைமிகுந்த பண்டங்களைத் தேடி அலைவதும், நாள் முழுதும் தன் உணவைப் பற்றியே எண்ணிப் பேசிக்கொண்டிருப்பதும் போசனப்பிரியத்தின் வேறு முகங்களாகி விடலாம். வயிறு சுருங்கியும் உணவே நெஞ்சின் நடுவில் வீற்றிருந்தால் மட்டசனம் இன்னும் வாய்க்கவில்லை.

எவருக்கு எவ்வளவு?

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் நடுநிலை என்பதை விளக்க எடுத்துக்கொண்ட உவமை உணவேயாகும். பத்துப் பங்கு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்றால், பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு பங்கு என்று கட்டளையிட மாட்டார். மைலோ என்ற மல்லனுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சி தொடங்குபவனுக்கு அது மிகுதி என்கிறார் அவர். அளவு என்பது எண்களின் நடுப்புள்ளி இல்லை. இந்த மனிதருக்கு, இந்த வயதில், இந்த உழைப்புக்கு ஏற்றது எது என்று தேர்வதே அளவு. வயலில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த தந்தைக்குப் பொருந்திய சோற்றின் அளவு, அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மகனுக்குப் பொருந்தாது. அப்பா உண்ட உணவைத்தானே நானும் உண்கிறேன் என்று மகன் வாதிடுகையில், அப்பா செய்த வேலையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. திருவள்ளுவரும் ‘மருந்து’ என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரையும் கூறாமல், முன் உண்டது செரித்ததை அறிந்து அளவறிந்து உண்பதையே பல குறள்களில் வலியுறுத்துகிறார்.

புனித அகுஸ்தினாரின் கருத்தைத் தழுவி அக்குவினாஸ் இதனுடன் இன்னொன்றைச் சேர்க்கிறார். எதை உண்கிறோம், எவ்வளவு உண்கிறோம் என்பதை மூன்றைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம்மோடு வாழும் மக்கள், நம் நிலை, நம் உடல்நலத்தின் தேவை ஆகியன அம்மூன்றும். மருத்துவர் கடைசி இரண்டையும் கேட்டறிந்து சீட்டு எழுதுகிறார். முதலாவதை எழுத அவருக்கு இடமில்லை. அது நம் வீட்டில் எழுதப்பட வேண்டியது.

அடுக்களையின் நீதி

குடும்பத் தலைவருக்கு 112 என்று தாள் வருகிறது என வைத்துக்கொள்வோம். மறுநாளே வீட்டில் கீரை ஆயப்படுகிறது. உலையில் இடும் அரிசி குறைகிறது. இனிப்பு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது. ஆறு மாதத்தில் எண் இறங்கியதும், எவ்வளவு கட்டுப்பாடான மனிதர் என்று உறவினர் அவரைப் பாராட்டுகின்றனர். அந்தக் கட்டுப்பாட்டில் பெரும்பகுதி, விடியலில் எழுந்து காய் நறுக்கியவரின் உழைப்பு என்பதை எவரும் சொல்வதில்லை.

அதே எண் அவர் மனைவிக்கு வந்தால் என்ன நடக்கிறது? நாம் அறிந்த பல வீடுகளில் ஒன்றும் நடப்பதில்லை. எல்லோருக்கும் பரிமாறிய பிறகு கடைசியில் அமர்பவர் அவர். அதற்குள் பொரியல் தீர்ந்திருக்கும். மீன் துண்டும் முட்டையும் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். பானையில் எஞ்சியிருப்பது சோறும் சட்டியில் ஒட்டிய குழம்பும். வீணாகக் கூடாதே என்று அதை அவர் உண்டு முடிக்கிறார். பாதித் தட்டுக் காய்கறி என்று எழுதிய சீட்டு மிளகாய்த்தூள் டப்பாவின் அடியில் மடிந்து கிடக்கிறது. பேறுகாலத்தில் சர்க்கரை கூடியிருந்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவம் நன்கறிந்த உண்மை. ஆயினும் பிள்ளை பிறந்தபின் அந்தத் தாயின் தட்டை எவரும் பார்ப்பதில்லை.

இந்தத் தாய் அளவு மீறி உண்கிறார் என்றால், அதைப் போசனப்பிரியம் என்று எந்தக் குருவும் சொல்லத் துணியமாட்டார். எஞ்சியதை உண்பதே தம் கடமை என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் சென்று நாவை அடக்குங்கள் அம்மா என்று உபதேசிப்பது பொருந்தாத உபதேசம். உபதேசம் செல்ல வேண்டிய இடம், அவருக்கு முன்னே அமர்ந்து உண்டவர்களிடம். பொரியலில் இரண்டாம் முறை கரண்டியை இடுமுன், இன்னும் உண்ணாதவர் யார் என்று பார்ப்பதே அங்கே மட்டசனம். அம்மாவின் பங்கான காயையும் மீனையும் முதலில் எடுத்து மூடி வைத்துவிட்டு உண்ணும் மகன், தன் உடலில் சர்க்கரை இல்லாதபோதும் அப்புண்ணியத்தைக் கடைப்பிடிக்கிறான். எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்பது அதனினும் மேலானது.

இதே நீதி வீட்டின் சுவருக்கு வெளியேயும் கேட்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பல வீடுகளில் பட்டினியை விரட்டிய அரிசி அது. அதைப் பழிப்பது நன்றி கெட்ட செயல். ஆனால் காயும் கீரையும் மீனும் விலை கொடுத்தே வாங்க வேண்டியவை. நாட்கூலிக்குச் செல்லும் ஒருவரிடம் சோற்றைக் குறையுங்கள் என்று மட்டும் சொன்னால், பசியோடு இருங்கள் என்று சொன்னதாகவே முடியும். வசதியுள்ளோர் தம் தட்டை மாற்றிக்கொள்வதோடு, தம் வீட்டில் வேலை செய்பவருக்குத் தரும் உணவில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நேற்றைய சோற்றையும் தாம் விலக்கிவிட்ட இனிப்பையும் அவருக்குக் கொடுத்தனுப்புவது ஈகை ஆகாது.

விருந்தும் வற்புறுத்தலும்

வீட்டில் அளவு கண்டவருக்கும் விருந்தில் சோதனை காத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் தட்டு நிறைய வரும். வீடு சந்திக்கச் செல்லும் குருவுக்கு ஒரு மாலைக்குள் எட்டு வீடுகளில் எட்டுக் குவளை இனிப்புத் தேநீர் நீட்டப்படும். ‘ஒரு வாய்தானே சாமி’ என்று கேட்பவரின் அன்பு மெய்யானது. அந்த அன்பை மறுப்பதா, மருத்துவரை மறுப்பதா என்ற தடுமாற்றமும் மெய்யானதே.

இங்கே விருந்தினருக்கும் கடமை உண்டு, விருந்தளிப்பவருக்கும் கடமை உண்டு. விருந்தினர் தம் உடல்நிலையை ஓரிரு சொல்லில் கூறி, நன்றியோடு விலக்கலாம். அல்லது சிறு துண்டு எடுத்துக்கொண்டு மீதியை அருகிலுள்ள குழந்தைக்குத் தரலாம். செய்யக் கூடாதது, பலகாரம் சுட்ட கையின் முன்னால் எண்ணெயும் சர்க்கரையும் நஞ்சு என்று சொற்பொழிவாற்றுவது. தம் நோன்பைப் பிறர்மேல் குற்றச்சாட்டாக ஏவுபவர் அதன் பயனை இழக்கிறார். விருந்தளிப்பவரோ, உபசாரம் எங்கே முடிந்து வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்பதை அறிய வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் இரண்டாம் முறை சொன்னபின் இலையில் வைக்கப்படுவது விருந்தினருக்காக வைக்கப்படுவதில்லை. நம் பெருமைக்காக வைக்கப்படுகிறது. ‘சர்க்கரை போடலாமா?’ என்று தேநீர் கலக்குமுன் இயல்பாகக் கேட்கும் வீடு, எத்தனையோ பேரைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறது.

பலன் உறுதியில்லாதபோது

இத்தனையும் செய்தால் நோய் வராதா? இதற்கு நேர்மையாக விடை கூற வேண்டும். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுக்குள் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் முறைப்படி மாற்றியமைத்த குழுவில் அது 100க்கு 39 ஆகக் குறைந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வின் முப்பதாண்டு முடிவுகள் 2019இல் வெளிவந்தன. உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டோருக்கு நோயின் வருகை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. இதயநோயும் பக்கவாதமும் குறைந்தன. ஆயுளும் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீண்டது.

பயன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் சென்னை ஆய்வில் அளவோடு வாழ முயன்றோரிலும் 39 பேருக்கு நோய் வந்ததை மறைக்கலாகாது. பிறப்பிலேயே வந்த உடலமைப்பும் வயதும் தம் பங்கைச் செய்கின்றன. ஒல்லியான உடலினரும் இனிப்பைத் தொடாதவரும் நோயுறுவதுண்டு. ஆகவே நோயுற்ற ஒருவரைப் பார்த்து, வாயைக் கட்டாததன் பலன் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மட்டசனம் நலத்தை விலைக்கு வாங்கும் நாணயமாக இருந்தால், நோய் வந்த அன்றே அது செல்லாக் காசாகிவிடும். நோய் வந்தபின்னும் அதே தட்டு தேவைப்படுகிறது. அதே நிதானமும் தேவைப்படுகிறது. வாயிலில் நின்ற ஆண்டுகளில் கற்றுக்கொண்டது அப்போதும் துணை நிற்கும்.

எப்படியும் ஒருநாள் இறக்கத்தானே போகிறோம், உள்ளவரை உண்டு மகிழ்வோம் என்பாருக்கு ஒன்று கூறலாம். நீரிழிவு முற்றினால் அதன் சுமை உண்டவரோடு நிற்பதில்லை. ஆறாத கால்புண்ணுக்குக் கட்டுப் போடுபவர், சிறுநீரகம் பழுதானபின் வாரத்துக்கு இருமுறையோ மும்முறையோ மருத்துவமனை வாசலில் காத்திருப்பவர், மங்கிய கண்ணுக்குக் கைபிடித்து வழிகாட்டுபவர் எல்லாரும் அதே வீட்டில் இருப்பவர்கள். பெரும்பாலும் அவர், முன்னொரு நாள் கடைசியாக அமர்ந்து எஞ்சியதை உண்டவராகவே இருப்பார். நம் உடல் நம்முடையது என்று சொல்லும்போது, அதைத் தாங்கும் கைகள் யாருடையவை என்றும் எண்ணிப் பார்ப்பது நன்று.

மட்டசனம் என்ற சொல்லில் மட்டும் உண்டு, அசனமும் உண்டு. அளவை மறந்த பந்தியும், பந்தியை மறந்த அளவும் அச்சொல்லைப் பாதியாக வெட்டிவிடுகின்றன. அடுத்த திருவிழாவின் அசனத்துக்குத் திட்டமிடும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். சோற்றுக்கு முன் ஒரு கூட்டும் ஒரு பொரியலும் தாராளமாக இலையில் விழட்டும். பாயசம் கேட்பவருக்கு மட்டும் வரட்டும். அடுப்படியில் விடியற்காலை முதல் நின்றவர்களுக்கென்று காயிலும் குழம்பிலும் ஒரு பங்கை முன்னதாகவே எடுத்து மூடி வைக்கட்டும். கடைசிப் பந்தியில் அவர்கள் அமரும்போது, முதற்பந்தியில் உண்ட நாம் கரண்டியை வாங்கி அவர்களுக்குப் பரிமாறுவோம்.